தபேதாரின் கோட்டு

பாஞ்சாலை தைத்த ஜாக்கெட் எதுவும் பத்தொன்பது வருடங்களில் ஒரு முறைகூடத் திரும்பி வந்ததில்லை. பிடிக்கிறது, தொளதொளக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணும் அவள் கடைப் படி ஏறியதில்லை. இதை அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். யாரும் வராத நேரத்தில் கணவன் வேணுவிடம் சொல்வாள். வேணு ஆட்டோவை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டால் தையல் மெஷினிடம் சொல்வாளாக இருக்கும்.

கடை செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு நாற்காலி. நாற்காலி வருகிறவர்களுக்காகப் போட்டது. அதில் எப்போதும் துணி உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் நிற்பார்கள்.

அவளுடைய வேலைமுறை எளிமையானது. ஆளை அளக்கமாட்டாள். டேப் அவளிடம் உண்டு, அது துணிக்கு மட்டும். தைக்க வருகிறவள் தனக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்து, சுற்றி சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தைக்கிறார்கள். ஆனால் அளவு ஜாக்கெட் இல்லை என்றால் மற்றவர்கள் டேப்பை எடுப்பார்கள். பாஞ்சாலை எடுக்கமாட்டாள்.

"ஒடம்பு பொய் சொல்லும். டேப்பைக் கண்டா மூச்சை இழுத்துக்கும். ஜாக்கெட்டு பொய் சொல்லாது" என்பாள்.

ஒரு வருடம் பிரான்சிலிருந்து வந்த பெண் ஒருத்தி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். வாழ்க்கையில் ஜாக்கெட் போட்டதில்லை. பாஞ்சாலை அவளைச் சந்து முனையில் கொண்டுபோய் நிறுத்தினாள். போகிற வருகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பூக்காரி பொன்னி கூடையோடு வந்தாள். தோள் அதே வாகு. பொன்னியின் ஜாக்கெட் ஒன்றை வரவழைத்து அதை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் பொன்னியும் தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் தோளை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

புதுத்துணி கொடுக்க வரும்போது யாராவது துணிந்து, "போன தடவை தச்சது அக்குள்ல கொஞ்சம்..." என்று தொடங்குவதுண்டு. பாஞ்சாலை கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.

"ஜாக்கெட்டு அப்டியேதான் இருக்கு. நீ இப்ப இன்னா சாப்புட்ற?"

பேச்சு அதற்குமேல் வளராது.

எதிர்க்கடை அருள்ராஜுடையது. அவர் ஆண்களுக்குத் தைப்பவர். ஐம்பத்தைந்து வயது. கழுத்தில் டேப் மாலையாகத் தொங்கும். வாய் சும்மா இருக்காது. பாஞ்சாலையைத் தங்கச்சி என்பார், நாளுக்கு இரண்டு முறையாவது சீண்டாமல் விடமாட்டார்.

மார்கழி பிறந்த நான்காம் நாள் ராஜமாணிக்கம் சந்துக்குள் வந்தார். கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் ஒரு சின்ன நாய். உடம்பு நீளம், கால் நான்கும் ஒரு சாண்கூட இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தலையணை உறையைத் தரையில் இழுத்துவருவது போலிருக்கும். கலெக்டருக்கு முன்னால் சிவப்புப் பட்டையோடு நடந்து வழி விலக்குவாரே தபேதார், அவரைப் போல எப்போதும் இவருக்கு ஐந்தடி முன்னால் நடப்பதால் அதற்குத் தபேதார் என்று பெயர் வைத்திருந்தார். வேலையில் இருந்தவரை அவருக்கு முன்னால் யாரும் நடந்ததில்லை.

தபேதாருக்குத் தோலில் அரிப்பு வந்து, டாக்டர் முடியை ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார். மருந்தில் அரிப்பு போய்விட்டது. முடி இன்னும் வரவில்லை. விடியற்காலையில் ராஜமாணிக்கம் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை நடப்பார். போகும்போது நாய் நடக்கும், வரும்போது இவர் தூக்கிக்கொண்டு வருவார். இந்தப் பனியில் அது பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு நடந்தது. ஆன்லைனில் கோட்டு வரவழைத்தார். நெஞ்சு நுழைந்தது, முதுகு பாதி வெளியே நின்றது. அடுத்த அளவு வரவழைத்தார். அதில் தபேதார் காணாமல் போனது.

அவர் முதலில் போனது அருள்ராஜ் கடைக்குத்தான்.

"சார், கஸ்டமரு நேரா நின்னாதான் எனக்கு அளவு வரும். இவரு படுத்த மாதிரியே நிக்கிறாரு" என்றார் அருள்ராஜ். பிறகு சந்து முழுவதும் கேட்கும்படி, "எதிர்ல கேளுங்க சார். அவங்க தச்சா திரும்பியே வராதாம்" என்றார்.

ராஜமாணிக்கம் எதிரே வந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். விண்ணப்பம். பொருள்: நாய்க்குக் கோட்டு தைத்துத் தருவது தொடர்பாக.

பாஞ்சாலை படித்துவிட்டு நாயைப் பார்த்தாள். "அளவு குடுங்க சார்."

"அளவா? அதான் நேராவே கூட்டிட்டு வந்திருக்கேனேம்மா."

"இது ஒடம்பு சார். அளவு வேணும். இதுக்கு முன்னாடி போட்டது எதுனா?"

"இதுதான்மா அதுக்கு முதல் உடுப்பு."

"அப்ப முடியாது சார்."

எதிர்ப்பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. "உடு தங்கச்சி. பத்தொம்போது வருஷ ரெக்கார்டு. கொண்டுபோய் நாய் வாயில குடுக்காத. நாளைக்கே திரும்பி வந்து நிக்கும்."

பாஞ்சாலை தாளை மடித்து மெஷின் டிராயரில் போட்டாள். "வச்சுட்டுப் போங்க சார். தச்சுத் தரேன்." பிறகு எதிரே திரும்பி, "திரும்பி வராதுண்ணா. வந்துச்சுன்னா நானே சந்து முனையில நின்னு எல்லாருக்கும் சொல்றேன், வந்துடுச்சுன்னு. போதுமா?" என்றாள்.

"நல்லா சத்தமா சொல்லணும்."

"சத்தமாவே சொல்றேன்."

வைத்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னது தாளை. ராஜமாணிக்கம் நாயையும் வைத்துவிட்டுப் போய்விட்டார், சாயந்திரம்தான் வந்து கூட்டிப்போனார்.

இனி அளவு கண்டுபிடிக்க வேண்டும். தபேதாருக்குச் சரியாக இருக்கும் ஏதாவது ஓர் உருப்படி இந்த ஊரில் இருந்தாக வேண்டும் என்று பாஞ்சாலை நம்பினாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கை நான்கு இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். குரங்குக் குல்லாய் ஒன்றைப் போட்டாள். முகம் வர வேண்டிய ஓட்டையில் வால் வந்தது. வெந்நீர்ப் பையின் உறை, ஹார்மோனியத்துக்கு மேல் போடும் துணி, வெள்ளரிப்பிஞ்சு வாங்கிவந்த வலைப்பை. தபேதார் எல்லாவற்றுக்கும் உடன்பட்டது. அலுவலகத்தில் நாற்பது வருடம் குப்பை கொட்டியவரோடு இருந்து பழகிய பொறுமை அது.

மதியம் வேணு சாப்பிட வந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தபேதார் சட்டையை முகர்ந்தது. அரைக்கை வழியாகத் தலையை விட்டது. பிறகு மொத்தமாக நுழைந்து அப்படியே நின்றுவிட்டது. கழுத்து வெளியே, நெஞ்சைச் சுற்றிக் கை, பின்னால் மிச்சச் சட்டை கல்யாணப் பெண்ணின் புடவைத் தலைப்பு மாதிரி.

பாஞ்சாலை குனிந்து பார்த்தாள். நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. இரண்டு விரல் நுழையவில்லை.

"யோவ், இங்க வாயேன். அளவு கெடச்சிடுச்சு!"

சத்தத்தில் நாய் பயந்து சந்துக்குள் ஓடியது. வேணு பனியனோடு பின்னால் ஓடினான். "டேய், லைசன்ஸு பையில இருக்குடா!"

நாய்க்கு ஊரில் எந்தத் தெரு எங்கே போகும் என்று தெரியாததால் இரண்டு முறை கடையைச் சுற்றிவிட்டு அருள்ராஜின் மேசைக்கு அடியில் போய் நின்றது. அருள்ராஜ் குனிந்து பார்த்து, "வாங்க டிரைவர். சவாரி எங்க?" என்றார்.

வேணுவின் சட்டைக் கை அளவாயிற்று. நீளத்துக்கு மட்டும் எட்டு விரல் கூட்ட வேண்டியிருந்தது. பாஞ்சாலை அந்தக் கையைப் பிரித்து மேசையில் விரித்து நெடுநேரம் நீவினாள். வேணு அடுத்த இரண்டு நாளும் ஒற்றைக் கைச் சட்டையோடு ஆட்டோ ஓட்டினான். சவாரிக்கு வந்தவர்கள் அவனுக்கு ஏதோ விபத்து என்று நினைத்து மெதுவாகப் போகச் சொன்னார்கள்.

தபேதார் என்றால் வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. பாஞ்சாலை போனில் பேசினாள். "வெள்ளை ஒரு நாள் தாங்காது சார். முழுசும் செவப்பாவே போட்டுடலாம். மொத்தமும் பட்டைன்னு வெச்சுக்குங்க." கல்யாண ஜாக்கெட்டுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு வெல்வெட் இருந்தது. உள்ளே பருத்தி லைனிங், நடுவில் கம்பளித் துண்டு. முன்னங்கால் இரண்டுக்கும் கை வைத்தாள். பஃப் கை வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு விட்டாள். தாடையிலிருந்து வால் வரை அடிவயிற்றில் வரிசையாகப் பத்துக் கொக்கி. விளிம்பைச் சுற்றித் தங்க நிறத் துணிப்பட்டியில் பைப்பிங். முடித்துவிட்டுப் பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கயிறு தொங்கியது, நுனியில் குஞ்சம். அவள் அதைத் திட்டமிடவில்லை. கையே தைத்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை ராஜமாணிக்கம் நாயோடு வந்தார். கோட்டு மாட்டப்பட்டது. வெல்வெட்டில் ஒரு சுருக்கமில்லை. நாய் அதிலேயே பிறந்தது போல நின்றது.

"குஞ்சம் விண்ணப்பத்துல இல்லையேம்மா" என்றார்.

"அது என் ஆசை சார்."

அவர் ஏற்றுக்கொண்டார். நாயை நடத்திப் பார்த்தார். அது ஐந்தடி முன்னால் நடந்தது. சந்தில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ராஜமாணிக்கத்தின் கண் கலங்கியது.

அருள்ராஜ் கடையிலிருந்து இறங்கிவந்தார். நாயை ஒரு முறை சுற்றிவந்தார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"ஃபிட்டிங் பிரமாதம் தங்கச்சி."

"அப்புறம் இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. லேடீஸ் டைலர் லேடீஸ் டைலர்தான்."

பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குழம்பு கொதிக்கும்போது சந்தேகம் வந்தது. அருள்ராஜ் காரணமில்லாமல் பாராட்டுகிற ஆள் இல்லை. கோட்டை மனதில் விரித்துப் பார்த்தாள். தோள் சரி. கழுத்து சரி. கொக்கி சரி. வேணுவிடம் கேட்டாள். அவன், "செவப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசைப் புள்ளி வைக்கும்போது ஒரு தெருநாய் வந்தது. வேணுவின் ஆட்டோவை முகர்ந்தது. பின்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு காலைத் தூக்கியது.

பாஞ்சாலையின் கையிலிருந்த கோலமாவு ஒரே இடத்தில் கொட்டியது.

பத்தொன்பது வருடங்களாக அவள் தைத்துக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். உடுப்பில் அந்த இடத்தில் திறப்பு வேண்டும் என்கிற யோசனை அவள் தொழிலில் இதுவரை எழுந்ததில்லை.

"யோவ், எந்திரிய்யா! தபேதாரு ஆம்பளையா?"

போர்வைக்குள்ளிருந்து வேணுவின் குரல் வந்தது. "பின்ன? பாத்தியே."

"நான் எதுக்குய்யா பாக்கறேன்? நான் நெஞ்சைப் பாத்தேன், முதுகைப் பாத்தேன்."

"இப்ப இன்னா அதுக்கு?"

"அடியில தெறப்பு வெக்கலய்யா. வால் வரைக்கும் கொக்கி போட்டு மூடிட்டேன்."

போர்வை சிறிது நேரம் அசையவில்லை. பிறகு குலுங்கத் தொடங்கியது.

"சிரிக்காத. அந்த அருள்ராஜு நேத்தே பாத்துட்டான். பாத்துட்டுச் சொல்லாமப் போறான். பத்து மணிக்கு சாரு நனைஞ்ச கோட்டைத் தூக்கினு கடைக்கு வந்து நிப்பாரு. அதுக்கு முன்னாடி நாம போய்ப் புடிச்சிடணும். எடு வண்டிய."

கத்தரி, ஊசி, நூல்கண்டு, சாக்கட்டி, மிச்சமிருந்த பைப்பிங். எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். ஆட்டோ எம லிங்கத்தைத் தாண்டி மலை சுற்றும் பாதையில் திரும்பியது. மலைமேல் பனி இறங்கியிருந்தது. வெறுங்காலோடு நடப்பவர்கள் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேணு வேகத்தைக் குறைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டான்.

"சார், செவப்புக் கோட்டு போட்ட நாயி ஒண்ணு இந்தப் பக்கம் போச்சா?"

சிலர் பதில் சொல்லாமல் நடையைக் கூட்டினார்கள். ஒரு சாமியார் மட்டும் நின்று யோசித்தார்.

"குஞ்சம் வெச்சதா?"

"அதேதான் சாமி."

"இப்பதான் போச்சு. ரொம்ப பக்தி அதுக்கு. கம்பத்துக்குக் கம்பம் நின்னு யோசிச்சிட்டுப் போவுது."

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் பிடித்தார்கள். தபேதார் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. ராஜமாணிக்கத்தின் முகத்தில் தூக்கமில்லை.

"வாம்மா. நானே உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார்.

பாஞ்சாலை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க சார்."

"டாக்டருக்கு ஆட்டோ வேணும். நேத்து சாயந்திரத்துலேருந்து இது ஒண்ணுக்குப் போகலை. கம்பத்துக்கிட்ட போகுது, காலைத் தூக்குது, குனிஞ்சு வெல்வெட்டைப் பாக்குது, காலைக் கீழ வெச்சிடுது. இருபத்தி மூணு கம்பம் எண்ணிட்டேன். சிறுநீரகத்துல கல்லா இருக்கும்னு நினைக்கிறேன்."

"கோட்டைக் கழட்டிப் பாக்கலையா சார்?"

"கழட்ட விட்டாத்தானே? கொக்கியில கை வெச்சா உறுமுது. அவ்வளவு பிடிச்சுப்போச்சு அதுக்கு. உடுப்புல ஒரு குறை சொல்ல முடியாதும்மா. கல்லுதான்."

வேணு அவள் முழங்கையைப் பிடித்து ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்தான். "அவரே கல்லுங்கறாரு. நீ ஏன் வாயத் தெறக்கற? டாக்டரு எப்டியும் கோட்டைக் கழட்டுவாரு. அது போயிடும். கல்லு கரைஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. அப்புறமா நைசா வாங்கி வெட்டிக் குடுத்துடு."

நல்ல யோசனைதான். பாஞ்சாலை அதை முழுதாகக் கேட்டாள். பிறகு நாயைப் பார்த்தாள். நாயும் அவளைப் பார்த்தது. அது இருபத்து நான்காவது கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவள் தைத்த துணியை நனைக்கக்கூடாது என்று ஓர் இரவு முழுவதும் அடக்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் இதுவரை அவளுக்கு அமைந்ததில்லை.

"சார், கல்லு இல்ல. நான்தான்" என்றாள்.

தரையில் உட்கார்ந்து நாயை மடியில் மல்லாக்கப் போட்டாள். அது உறுமியது. "சும்மா இரு. தச்சவ நானு" என்று அதட்டினாள். பத்துக் கொக்கியையும் கழற்றினாள்.

தபேதார் கம்பத்துக்குப் பாய்ந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக் குழந்தை தெலுங்கில் எண்ணத் தொடங்கியது. நாற்பதைத் தாண்டியது. தனக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. ராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பவர் போல நின்றார்.

ஒருவழியாக முடிந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் கோட்டை விரித்தாள். எவ்வளவு வெட்டுவது என்று தெரியவில்லை. இதற்கும் அளவு இல்லை. வேணுவின் சட்டைக் கை இதில் உதவாது.

"நீயே பாத்துக் கோடு போடு" என்று சாக்கட்டியை வேணுவிடம் கொடுத்துவிட்டு மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நாலு வெரல் போதுமா?" என்றான் வேணு.

"என்னைக் கேட்டா?"

"தெளிக்கும். ஆறாப் போட்டுடறேன்." சற்று யோசித்து, "ஏழு" என்றான்.

அவள் வெட்டினாள். கடைசி மூன்று கொக்கி போயிற்று. வளைவாக வெட்டிய இடத்துக்குப் பைப்பிங் வைத்துக் கையாலேயே தைத்தாள். நாயைத் துண்டில் சுற்றி வைத்திருந்த ராஜமாணிக்கம் மெல்லக் கேட்டார்.

"அம்மா, இதைத் திருத்தம்னு எடுத்துக்கலாமா? இல்ல முதல்ல தைச்சதோட தொடர்ச்சியா?"

"தொடர்ச்சி சார்" என்றான் வேணு. "திரும்பி வரவே இல்லியே. நாங்கதான் வந்தோம். இது கணக்குல சேராது."

பாஞ்சாலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சேரும்" என்றாள்.

ஒன்பதரை மணிக்குச் சந்து முனையில் வந்து நின்றாள். பால் பூத்தில் நான்கு பெண்கள் இருந்தார்கள். பொன்னி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அருள்ராஜ் கடைச் சாவியைப் பூட்டில் விட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் சொல்றேன். நாய்க்குத் தச்ச கோட்டு திரும்பி வந்துடுச்சு. நாந்தான் போய்க் கூட்டியாந்தேன். தப்பு என்னுது. வெட்டி ஆல்ட்டர் பண்ணிக் குடுத்துட்டேன். அவ்ளோதான்."

சத்தமாகவே சொன்னாள். அருள்ராஜ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. சாவியைக் கீழே போட்டார். "நெசமாவே ஆல்ட்டர் பண்ணியா? உன் கையாலயா?" என்றார். குரலில் கவலை இருந்தது. அது அவளுக்குப் புரியவில்லை.

பதினொரு மணிக்கு மணிமொழி வந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். கையில் ஒரு மஞ்சள் பை.

"நாய்க்குப் பண்ணிக் குடுத்தீங்களாமே அக்கா?"

"ஆமா."

மணிமொழி பையிலிருந்து ஊதாப் பட்டு ஜாக்கெட் ஒன்றை எடுத்தாள். "இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க தச்சது. எட்டு வருஷமாச்சு. கையத் தூக்க முடியாது. அட்சதை போடறப்ப முழங்கைக்குக் கீழ மட்டும் அசைச்சுத்தான் போட்டேன், தலையில விழாம மாப்ள மடியிலதான் போய் விழுந்துச்சு. ஆல்பத்துல எல்லா ஃபோட்டோலயும் கையக் கட்டிக்கினுதான் நிப்பேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா சாப்புட்றனு கேட்டிருப்பீங்க."

பாஞ்சாலை ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அக்குளில் அரை அங்குலம் குறைவாக வெட்டியிருந்தாள். யார் பார்த்தாலும் தெரியும். அவள் அதை மேசையில் வைத்தாள்.

மதியத்துக்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் பொன்னி. அவள் ஏதும் கொண்டுவரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தாள். பாஞ்சாலையின் கண் அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் கைவிளிம்பில் நின்றது. பச்சைத் துணி, தான் தைத்தது. பக்கத் தையலுக்கு வெளியே இன்னொரு தையல் ஓடியது. சாம்பல் நிற நூல். கெட்டி நூல். பேண்டுக்குப் போடுவது.

"இது யாரு போட்ட தையல்?"

பொன்னி எதிர்க்கடையைப் பார்த்தாள். மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு அவரு பேண்ட்டோட சேத்து மடிச்சு அங்க குடுத்துடுவாருக்கா" என்றாள் பொன்னி. "எல்லார் வூட்லயும் அப்டித்தான்."

பெண்கள் போன பிறகு அருள்ராஜ் தானே சந்தைக் கடந்து வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மூட்டை. மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஏழு ஜாக்கெட். ஏழும் பாஞ்சாலை தைத்தவை.

"இந்த வாரம் வந்தது. இனிமே நீயே பாத்துக்குவ போலிருக்கு" என்றார்.

"எவ்ளோ நாளாண்ணா?"

"நீ கடை தெறந்த அடுத்த மாசத்துலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீயே சரி பண்ண ஆரம்பிச்சிடுவ. அப்புறம் எனக்கு இன்னா வேலை? பேண்ட்டு எவன் தைக்கிறான் இப்ப? எல்லாம் ரெடிமேடு. உன்னாலதான் தங்கச்சி என் கடை ஓடுது."

கோபப்பட வேண்டிய இடம் என்று பாஞ்சாலைக்குத் தெரிந்தது. ஆனால் ஏழு ஜாக்கெட்டும் கண்ணெதிரே கிடந்தன. கை தானாக ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தது. தையல் இழுத்துக்கொண்டு நின்றவை ஒரு பக்கம். வெட்டே குறைந்தவை ஒரு பக்கம். பிரித்து முடித்தபோது இடப்பக்கம் நான்கும் வலப்பக்கம் மூன்றும் இருந்தன.

"இந்த மூணும் என் தப்பு. நான் பாக்கறேன்" என்றாள். "அந்த நாலும் ஒடம்பு வெச்சது. அது என் கணக்கு இல்ல. நீங்களே எடுத்துட்டுப் போய்ப் பண்ணுங்க."

அருள்ராஜின் முகம் தெளிந்தது. நான்கையும் வேகமாக எடுத்துக்கொண்டார். பிறகு வலப்பக்கத்திலிருந்து நீல நிறத்தில் ஒன்றையும் சேர்த்து எடுத்தார்.

"இதுவும் ஒடம்புதான்."

"இல்லண்ணா. அக்குள் பாருங்க. நான் கம்மியா வெட்டியிருக்கேன்."

"ஒடம்புதான்னு சொல்றேன். எனக்குத் தெரியாதா? இது என் பொண்டாட்டியோடது."

பாஞ்சாலை அதை அவர் கையிலிருந்து பிடுங்கி மெஷின்மேல் வைத்தாள். "அண்ணி மேல பழி போடாதீங்க. தப்பு என்னுது."

அருள்ராஜ் நான்கு ஜாக்கெட்டோடு வாசலில் நின்றார். போகவில்லை.

"அப்டின்னா அதை நீயே வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லிடு" என்றார். "ஆறு வருஷமா அவளை இன்னா சாப்புட்றனு கேட்டுக்கினு இருக்கேன்."